பிறர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் வாழ்க்கைகள்

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் ஒரு தெலுங்கு நூலைத் தேடிக்கொண்டிருந்தார். நூலின் பெயர் 'ராதிகா சாந்த்வனமு'. எழுதியவர் முத்துப்பழனி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த கணிகையர் மரபுப் பெண். பழைய உரை ஒன்றில் இந்த நூலைப் பற்றிய குறிப்பைப் பார்த்த நாகரத்தினம்மாள், பெரும்பாடு பட்டு அச்சுப் பிரதி ஒன்றைக் கண்டுபிடித்தார். மட்டமான தாள், மங்கிய எழுத்து. பிறகு நண்பர் ஒருவர் வழியாக அதே நூலின் சுவடிப் பிரதியும் கைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார்.

அச்சில் சில பாடல்கள் இல்லை. நூலின் முகவுரைப் பகுதியும் இல்லை. 1887இல் வெளியான அந்தப் பதிப்பைத் தயாரித்தவர், சிருங்காரம் மிகுந்த பாடல்களை நீக்கியதோடு முகவுரையையும் எடுத்துவிட்டிருந்தார். அந்த முகவுரையில்தான் முத்துப்பழனி தன்னைப் பற்றிப் பேசுகிறார். தன் பாட்டி யார், அத்தை யார், அவர்களுடைய புலமை எப்படிப்பட்டது என்று பெண்கள் வழியாகவே தன் குடியைச் சொல்கிறார். ஒரு கவிஞரின் வாழ்க்கையை அறிய எஞ்சியிருந்த மிக முக்கியமான சான்று பதிப்பாசிரியரின் மேசையில் காணாமல் போயிருந்தது.

நாகரத்தினம்மாள் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து 1910இல் வாவிள்ள நிறுவனத்தின் வழியாக முழு நூலையும் வெளியிட்டார். ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டே அரசு நூலைத் தடை செய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியவை தடையில்லாமல் விற்கும்போது ஒரு பெண் எழுதினால் மட்டும் ஆபாசமா என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நாடு விடுதலை அடைந்த பிறகுதான் தடை விலகியது. 1991இல் சூசி தாருவும் கே. லலிதாவும் இந்தியப் பெண்களின் எழுத்தைத் தொகுத்தபோது, தொகுப்பின் முன்னுரையைத் தொடங்கியதே முத்துப்பழனி, நாகரத்தினம்மாள் இருவரின் கதையோடுதான். இன்று ஏதாவது ஒரு கலைக்களஞ்சியத்தில் முத்துப்பழனிக்கு ஓர் இடம் உண்டு என்றால், இரண்டு பிரதிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்த அந்த ஒப்பீட்டின் பயன் அது.

மறக்கப்பட்ட ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். "அவரைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அது உண்மையில்லை. சான்று இருக்கும். வேறு ஒருவருடைய பெட்டியில், வேறு ஒரு காரணத்துக்காக, வேறு ஒரு பெயரில் இருக்கும்.

கலைக்களஞ்சியக் கட்டுரை பார்வைக்கு எளிமையானது. பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, செய்த பணி. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும் என்பதுதான் அதன் கடினம். பதவியில் இருந்தவர்களுக்கு ஆதாரம் தானாகச் சேர்ந்துவிடும். அரசிதழ், பள்ளிப் பதிவேடு, மணிவிழா மலர், இரங்கல் கூட்டச் செய்தி என்று வாழ்நாள் முழுக்கக் காகிதம் அவர்கள் பின்னாலேயே வரும். கூத்தாடியவருக்கும் நாடக மேடையில் பாடியவருக்கும் சேரியில் இரவுப் பள்ளி நடத்தியவருக்கும் அப்படி யார் எழுதி வைத்தார்கள்?

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. கோயம்புத்தூர் தாயியை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் மறைந்த பாடகி. தாயி என்பது உலகம் அறிந்த பெயர். இயற்பெயர் பழனி குஞ்சரம். அவரும் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபுப் பெண்கள் பலருக்கு ஊர்ப்பெயரே முன்னெழுத்து, அல்லது தாயின் பெயர். அப்பா பெயரையும் கணவர் பெயரையும் எதிர்பார்த்து வடிவமைத்த பதிவேடுகளில் இவர்களைத் தேடினால் ஒருவரே மூன்று பேராகத் தெரிவார், அல்லது ஆளே தெரிய மாட்டார். அதனால் தேடுபவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது பெயர்ப் பட்டியல். இயற்பெயர், மேடைப்பெயர், ஊரோடு சேர்ந்த பெயர், ஆங்கிலத்தில் அந்தக் கால எழுத்தர்கள் கண்டபடி எழுதிய வடிவங்கள், எல்லாவற்றையும்.

தாயியின் வாழ்க்கைக்கு மிக உறுதியான சான்று அவருடைய குரலேதான். கிராமபோன் கம்பெனிக்காக அவர் ஏராளமாகப் பாடிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் மின்சாரம் கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழாய்க்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட, காற்றின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடு பிணைந்த ஊசி சுழலும் மெழுகில் கோடு கிழிக்கும். சுமார் மூன்று நிமிடம். அதற்குள் ராகத்தையும் பாட்டையும் முடித்தாக வேண்டும். முதல் ஆண்டுகளில் அந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போய், அங்கே அச்சாகித் திரும்பின. அங்கிருந்த தொழிலாளிகளுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது? அதனால் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்லும் வழக்கம் வந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடி முடித்து ஆங்கிலத்தில் தன் பெயரை அறிவிப்பதை இன்றும் கேட்கலாம். ஆலைத் தொழிலாளிக்காகச் சொன்ன அந்த ஒரு வரி, நூறாண்டுக்குப் பிறகு ஆராய்ச்சியாளருக்கு மறுக்க முடியாத ஆதாரமாகிவிட்டது.

தட்டில் குரலைத் தவிர இன்னொன்றும் உண்டு. நடுவில் ஒட்டிய தாளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் கீறப்பட்ட எண். ஒலிப்பதிவாளர் மெழுகைப் பதிவு செய்த வரிசையில் போட்ட எண் அது. விற்பனைக்கான எண் மாறும், தாள் மாறும், மறுபதிப்பில் நிறமும் மாறும். மெழுகில் கீறிய எண் மட்டும் மாறாது. ஒரு தட்டு எந்த மாதம் பதிவானது என்று கம்பெனி ஏட்டிலிருந்து தெரிந்து, வரிசையில் பின்னால் வரும் இன்னொரு தட்டின் தேதியும் தெரிந்தால், நடுவிலுள்ள எண்கள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் வந்து விழும். அதே எண் வரிசையில் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் வேறு தட்டுகளில் இருந்தால், அந்த வாரம் எந்த ஊரில் யார் யார் கூடினார்கள் என்பதும் புலப்படும். நாட்குறிப்பு எழுதாத ஒரு பாடகியின் நாட்குறிப்பை இப்படித்தான் மீட்டு எழுதுகிறார்கள். மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் இந்திய இசைத்தட்டுகளுக்கு இத்தகைய எண் பட்டியல்களைத் தொகுக்கும் வேலைக்கே பல ஆண்டுகளைக் கொடுத்தார்.

தாயியின் பெயர் எதிர்பாராத ஓர் இடத்திலும் இருக்கிறது. மோரிஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவேலின் மாணவர், 1911-12இல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் பாட்டில் மனதைப் பறிகொடுத்தார். அவர் பியானோவுக்காக எழுதிய 'ராகமாலிகா' என்ற படைப்பு, தாயியின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுக் கேட்டு ஏறத்தாழ அப்படியே இறக்கி எழுதியது. இசையியலாளர் ஜான் பாஸ்லர் தட்டையும் குறிப்பேட்டையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார். அந்தக் குறிப்பேட்டில் ஓரிடத்தில் பியானோவின் ஒரு குறிப்பிட்ட தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லியிருக்கிறார் தெலாழ். ஒலி மழுங்கி நம் தாளக்கருவியின் சாயல் வர வேண்டும் என்பதற்காக. பியானோவின் தந்திகளுக்கிடையே பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் உத்தியின் வரலாற்றை எழுதுபவர்கள் இதை அதன் தொடக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள். மேற்கின் நவீன இசை வரலாற்றில் ஒரு புதுமைக்கு நம் ஊர்ப் பாடகி ஒருவரின் மூன்று நிமிடத் தட்டு காரணமாக இருந்திருக்கிறது. தெலாழின் பெயர் இசைக் களஞ்சியங்களில் ஏறியது. தாயியின் பெயர் நெடுங்காலம் அவருடைய வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறவில்லை.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள் இயற்கைக்கு மாறாகக் குவிந்து கிடப்பார்கள்; முப்பத்தொன்றும் முப்பத்தேழும் குறைவாக இருக்கும். வயது சரியாகத் தெரியாதவர்கள் பூச்சியத்திலோ ஐந்திலோ முடியும் எண்ணாகச் சொல்வதால் வரும் குவியல் இது. அதை அளக்க மக்கள்தொகையியலில் விப்பிள் குறியீடு என்று ஒரு கணக்கே இருக்கிறது. ஆகவே, 'இறக்கும்போது வயது 45' என்ற ஒரு வரியிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் போடும்போது 'சுமார்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒருவர் அதை விட்டுவிட்டால் அடுத்தவர் நகலெடுப்பார், அவரைப் பார்த்து மூன்றாமவர் எழுதுவார், பிறகு மூன்று நூல்கள் ஒரே ஆண்டைச் சொல்வதால் அதுவே உறுதியான ஆண்டாகிவிடும். மூன்றும் ஒரே ஊற்றுத்தான் என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அமெரிக்கச் சிற்பி எட்மோனியா லூயிஸுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். கறுப்பினத் தந்தைக்கும் ஓஜிப்வே பழங்குடி வழிவந்த தாய்க்கும் 1844 வாக்கில் பிறந்தவர். ரோம் நகரில் பட்டறை வைத்துப் பளிங்கில் வேலை செய்தார். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அவருடைய 'கிளியோபாத்ராவின் மரணம்' பெரும் பேச்சானது. பிறகு சிற்பமும் காணாமல் போனது, அவரும் மறக்கப்பட்டார். சிற்பம் எங்கே போனது? சிகாகோவில் ஒரு மதுக்கடையில் இருந்தது. சூதாட்டக்காரர் ஒருவர் அதை வாங்கி, பந்தய மைதானம் ஒன்றில் இருந்த, கிளியோபாத்ரா என்ற தன் பந்தயக் குதிரையின் கல்லறை மேல் நிறுத்தினார். அந்த மைதானம் போய், அந்த இடத்தில் வேறு கட்டடங்கள் வந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தப் பளிங்கு ஓர் ஒப்பந்தக்காரரின் கிடங்கு வெளியில் மழையில் கிடந்தது. தீயணைப்புத் துறை ஆய்வாளர் ஒருவர் கண்ணில் பட்டுத்தான் காப்பாற்றப்பட்டது. சாரணச் சிறுவர்கள் அதற்கு நல்லெண்ணத்தோடு பெயின்ட் அடித்துவிட்டார்கள். லூயிஸின் வாழ்க்கையை ஆராய்ந்துவந்த மர்லின் ரிச்சர்ட்சன் 1980களின் இறுதியில் ஃபாரஸ்ட் பார்க் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரு வணிக வளாகத்தின் சாமான் அறையில் பண்டிகை அலங்காரப் பொருள்களுக்கு நடுவே அது இருந்தது. 1994இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தது.

சிற்பம் கிடைத்தாலும் சிற்பி எங்கே, எப்போது இறந்தார் என்பது ஊகமாகவே எழுதப்பட்டுவந்தது. ரோம் என்றார்கள், கலிபோர்னியா என்றார்கள். ரிச்சர்ட்சன் 2011இல் பிரிட்டனின் ஆவணங்களில் விடையைக் கண்டார். 1907 செப்டம்பர் 17, லண்டன். கென்சல் கிரீன் பகுதியிலுள்ள கத்தோலிக்க இடுகாட்டில் அடையாளமில்லாத புதைகுழி. வேறு ஊர்களில் தேடியதால் நூறாண்டு கிடைக்கவில்லை. 2022இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

கலைஞருக்காவது தட்டும் சிற்பமும் மிஞ்சும். சமூகத்தில் வேலை செய்தவருக்கு அதுவும் கிடையாது. ஊர்வலம் கலைந்துவிடும், கூட்டத்தில் பேசிய பேச்சு காற்றோடு போகும். இவர்களைப் பற்றி அதிகம் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் இவர்களைப் பிடிக்காதவர்கள். போலீஸ் குறிப்பு, வழக்குக் கட்டு, மாகாண அரசு டெல்லிக்கு அனுப்பிய இருவார அறிக்கை. பிரிட்டிஷ் அரசு, தாய்மொழிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க, வாராவாரம் அவற்றை மொழிபெயர்த்துச் சுருக்கி அறிக்கை தயாரித்தது. மூலப் பத்திரிகைகள் பல செல்லரித்துப் போய்விட்டன. கண்காணித்தவர்களின் சுருக்கங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இவற்றைப் படிக்க ஒரு விதி உண்டு. தேதி, இடம், கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயர் ஆகியவற்றில் இந்த ஆவணங்களை ஓரளவு நம்பலாம். ஏன் வந்தார்கள், எப்படிப்பட்டவர்கள் என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கையை இப்படித்தான் பல இடங்களிலிருந்து திரட்ட வேண்டியிருக்கிறது. 1883இல் பிறந்தவர். தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு, அதை உடைத்து வெளியே வந்து, அதை ஒழிக்கவே வாழ்நாளைச் செலவிட்டவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1938 ஆகஸ்ட் முதல் தேதி திருச்சியிலிருந்து இந்தித் திணிப்பை எதிர்த்துப் புறப்பட்ட நடைப்பயணப் படையில் சென்னை வரை நடந்தார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1962இல் மறைந்தார். 1989இல் அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. விண்ணப்பத்தில் அந்தப் பெயரை எழுதிய பெண்கள் எத்தனையோ பேர்; அவர் யாரென்று அறிந்தவர்கள் மிகச் சிலரே. பா. ஜீவசுந்தரி அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். நாவல் 2003இல் ஆங்கிலத்துக்கும் போனது. குடி அரசு இதழின் மாநாட்டுச் செய்திகள், அவருடைய நாவல், அரசுக் கோப்புகள், குடும்பத்தார் நினைவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கும் இடத்தில்தான் உறுதியாக ஒரு வரி எழுத முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். நாகரத்தினம்மாள், தாயி, இராமாமிர்தம் மூவரும் ஒரே மரபிலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவர்கள். அந்த மரபின் கலையைக் காத்தவரும் அந்த முறையை வேரறுக்க நின்றவரும் ஒரே மண்ணில் வாழ்ந்தார்கள். ஒருவரை மட்டும் எழுதி மற்றவரை விட்டால் வரலாறு பொய்யாகும்.

இன்று பெரும்பாலோர் புரட்டும் களஞ்சியம் விக்கிப்பீடியா. தமிழில் அது 2003இல் தொடங்கியது. யாரும் எழுதலாம், ஆனால், எழுதுபவர் தானே கண்டுபிடித்ததை எழுத முடியாது. ஏற்கெனவே நம்பகமான நூலிலோ இதழிலோ வந்ததைத்தான் மேற்கோள் காட்டலாம். பொய்யைத் தடுக்க அந்த விதி தேவைதான். அதே விதி, யாரும் எழுதாதவர்களை வெளியே நிறுத்தியும் விடுகிறது. 2018 மே மாதம் டோனா ஸ்ட்ரிக்லேண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றிய வரைவு, போதிய சான்று இல்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். பல்கலைக்கழகத்தில் வேலை செய்த விஞ்ஞானிக்கே இந்த நிலை என்றால், தெருக்கூத்தில் அடவு கட்டியவருக்கு? ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் பெண்கள் 2014 வாக்கில் சுமார் 15 விழுக்காடு. அதற்காகவே 2015இல் தொடங்கிய 'விமன் இன் ரெட்' போன்ற முயற்சிகளுக்குப் பிறகும் இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். வாய்மொழியையும் சான்றாகக் கொள்ள முடியுமா என்று 2011இல் அச்சல் பிரபாலா இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு சோதனை செய்தார். மலையாளத்திலும் இந்தியிலும் தென்னாப்பிரிக்காவின் சேபேடி மொழியிலும் மக்கள் சொன்னதைப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளாகக் காட்டினார்கள். பொதுவழக்காக அது இன்னும் ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. யார் சொன்னார், எப்போது, எங்கே என்ற விவரத்தோடு பதிவான வாய்மொழி, பெயர் தெரியாத நிருபரின் நாலு வரிச் செய்தியைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை.

களஞ்சியத்துக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. காகிதத்தைத் தூக்கிப் போடாத ஒருவர் எங்கோ இருந்திருக்க வேண்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா அப்படி ஒருவர். நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு 1994இல் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. 1936இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கிய டி.பி. ராஜலட்சுமியின் அந்தப் படச்சுருள் இன்று இல்லை. அத்தகைய படங்களைப் பற்றி எழுத வேண்டுமானால் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும்தான் கதி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதில் எத்தனை ஊர்க்காரர்களின் வாழ்க்கைக்கு ஒரே சான்று எரிந்தது என்று இனி யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையச் சேகரம், எஞ்சிய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிவருகிறது.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். வில்லுப்பாட்டு பாடியவர், பீடித் தொழிலாளர் சங்கம் கட்டியவர், நூலகத்துக்காக வீடு வீடாகப் போய் நிதி திரட்டிய அம்மா. அவர்களுடைய பழைய புகைப்படத்தின் பின்பக்கம், அதில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும். அவர்கள் பேசுவதை உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் கிடக்கும் நோட்டீஸையும் சங்கத்தின் ரசீதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எடுத்து வையுங்கள். பிறகு அதை வைத்து ஒரு சிற்றிதழிலோ ஊர் மலரிலோ ஒரு பக்கம் எழுதி அச்சாக்குங்கள். களஞ்சியத்தில் எழுதுபவருக்கு மேற்கோள் காட்ட அந்த ஒரு பக்கம் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.